பால்கனியில் நிற்பவள்

கட்டப் போகும் வீடுகளைக் கணினியில் படமாக்கித் தருவது என் தொழில். மென்பொருள் சிடியில் இருந்த மனித உருவங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். அதனால் கல்யாணமான புதிதில் தேன்மொழியை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து, எல்லா வீட்டுப் பால்கனியிலும் அதையே வைத்தேன். அவள் இறந்த பிறகும் எடுக்க மனம் வரவில்லை.

பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற கஸ்தோன், தன் முத்தியால்பேட்டை வீட்டு மாடியிலிருந்து கடல் தெரிய வேண்டும் என்றார்.

"முன்னாடி வீடுங்க மறைக்கும் சார்."

"படத்துலதான தம்பி? கடலுக்கா வலிக்கப் போவுது?"

கடலை வைத்தேன். அடுத்த வாரம் வந்து பிரிண்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா, நெறமாசப் பொண்ண இப்படியா நிக்க வெப்பாங்க? ஒரு நாற்காலி போடு."

வாங்கிப் பார்த்தேன். அதே புடவை, அதே சிரிப்பு. வயிறு நிறைந்திருந்தது. ஒரு கை இடுப்பைத் தாங்கியிருந்தது.

இறக்கும்போது தேன்மொழிக்கு ஆறாம் மாதம்.

"போட்டுடறேன் சார்" என்றேன்.

அவர் போனதும் நாற்காலியை வைத்தேன். பிறகு, பக்கத்தில் ஒரு தொட்டிலுக்கும் இடம் இருக்கட்டும் என்று பால்கனியை இரண்டடி நீட்டினேன்.