விட்டுப்போன ஒரு வரி

“என்னால முடியாதும்மா. தம்பி வாசிக்கட்டும்.”

“தம்பி பெட்டி தூக்குவான். வாசகம் நீதான் வாசிக்கணும்,” என்றாள் அம்மா, பிடித்த பிடியை விடாமல்.

அடக்கத் திருப்பலிக்கு இன்னும் ஒரு மணி நேரமே இருந்தது. கூடத்தில் தச்சர் வெள்ளைச் சட்டை அணிந்து, விரல்களில் செபமாலை சுற்றியிருக்க, பெட்டிக்குள் படுத்திருந்தார். உள்ளறைக் கட்டிலில் அவருடைய மகள், விவிலியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்தேழு, ஆறு பேரை வைத்து வேலை வாங்கும் தையற்கடைக்காரி. ஆயினும் ஒலிபெருக்கியின் முன் நிற்பதென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“அப்பா நின்ன இடத்துல போய் நான் உளறினா, அவருக்குத்தான் அவமானம். கடைசியா அவரை வழியனுப்புற நேரத்துல அது வேணுமா?”

அவள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. கோவிலின் வாசக மேடை, தச்சர் தம் கையால் இழைத்துச் செய்தது. நாற்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் முதல் வாசகம் அவருடையது. மேடையேறிய பிறகுதான் காதில் செருகிய பென்சில் நினைவுக்கு வரும். அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டுவார். வாய் திறந்தாரோ இல்லையோ, சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தைகளும் அடங்கிவிடும். “இவர் வாசிச்ச பிறகு நான் எதைப் பிரசங்கம் பண்ண?” என்று பங்குத்தந்தையே கேட்டதுண்டு. தச்சர் என்ற பெயர் போய், எல்லாருக்கும் அவர் ‘வாசகர்’ ஆகிவிட்டார்.

“தாத்தா புத்தகத்தையே பார்க்க மாட்டார்,” என்றாள் கதவோரம் நின்ற இவள் மகள், தச்சரின் பேத்தி. “எங்களைத்தான் பார்ப்பார். கடவுளே நேர்ல பேசுற மாதிரி இருக்கும். எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துடும்.”

“கேட்டியாம்மா? இதுக்கு அப்புறம் நான் போய் நிக்கணுமா?”

“அவர் மட்டும் என்ன, தப்பே பண்ணாதவரா? ஒருதரம் ஒரு வரியை விட்டுட்டார், ஞாபகம் இருக்கா?”

மகளுக்குத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது. அப்போது அவளுக்கு வயது பத்து. நாற்பது ஆண்டுகளில் அந்த ஒரே ஒரு ஞாயிறுதான் அவர் தவறினார். பூசை முடிந்ததும் அப்போதிருந்த சாமியார், “என்ன வாசகரே, அடுப்புல ஏதாவது வெச்சுட்டு வந்தீரா?” என்று சீண்டினார். அப்பா சிரித்தார். வீடு வரும்வரை இவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தார்.

“சனிக்கிழமையானா என்னை விட்டிருக்காராம்மா? ‘கண்ணு, நாளைய வாசகத்தை ரெண்டு தரம் சத்தமா வாசி’ன்னு உட்கார வெச்சிடுவார். இழைப்புளியைத் தள்ளிக்கிட்டே கேட்பார். கல்யாணமாகிப் போனப்புறமும் போன்ல வாசிக்கணும். பிரசவ வார்டுக்கே புத்தகத்தைக் கொடுத்தனுப்பினாரே! எங்க நான் வேதத்தை மறந்துடுவேனோன்னு அவ்வளவு பயம் அவருக்கு.”

அம்மா மகளின் மடியிலிருந்த புத்தகத்தை மெல்லத் தடவினாள்.

“அதுவும் இன்னிக்கு என் கண்ணாடியைக் கடையிலேயே வெச்சுட்டு வந்துட்டேன். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அப்பாவோடது எங்க?”

“அது உனக்குச் சேராது, விடு,” என்று அம்மா கை நீட்டுவதற்குள், மகள் மேசை இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். புத்தகத்தைப் பார்த்தாள். கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடியும் மாட்டிப் பார்த்தாள். எறும்புகள் எறும்புகளாகவே இருந்தன.

“இதுல பவரே இல்லையேம்மா! வெறும் கண்ணாடி!”

அம்மா பேத்தியைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“ஜன்னலுக்கு வெட்டினதுல மிஞ்சின துண்டு. அவரே தேய்ச்சுப் பொருத்திக்கிட்டார்.”

“எதுக்கு?”

“மேடையைச் செஞ்சு கொண்டுபோய் வெச்ச அன்னிக்கு, வாசிக்க வேண்டிய ஆள் வரலை. பக்கத்துல நின்ன இவரைச் சாமியார் கூப்பிட்டுட்டார். அத்தனை பேர் முன்னால ‘தெரியாது’ன்னு சொல்ல இவருக்கு வாய் வரலை. நீ அப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டிருந்தே. முந்தின நாள் அதே பகுதியை ஆசையா நாலு தரம் வாசிச்சுக் காட்டினே. அது அப்படியே அவர் காதுல இருந்திருக்கு.”

“அப்பாவுக்கு…”

“அளவுக்கு எண் தெரியும். கையெழுத்துன்னு ஏதோ கிறுக்குவார். என்னை மாதிரிதான், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் தூங்கறதுக்கு முன்னால என்கிட்ட முழுசா ஒப்பிச்சுக் காட்டுவார். யார்கிட்டேயும் சொல்லாதேன்னார், நானும் சொல்லலை.” அம்மா மகளின் முகத்திலிருந்து அந்தக் கண்ணாடியை மெல்லக் கழற்றினாள். “நாற்பது வருஷமா அந்த மேடையில வாசிச்சது நீதாண்டி.”

மகள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். பத்து வயதில் ஒரு சனிக்கிழமை, தோழிகள் ஜன்னலருகே நின்று கூப்பிட்ட அவசரத்தில், நடுவில் ஒரு வரியைத் தாண்டி வாசித்துவிட்டு விளையாட ஓடியது அவளுக்கு நினைவு வந்தது.

அவள் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, தன் மகளைக் கூப்பிட்டாள்.

“கண்ணு, இந்த வாசகத்தை அம்மாவுக்கு ரெண்டு தரம் சத்தமா வாசி. ஒரு வரிகூட விட்டுடாதே.”