வெல்லத்துண்டு ஃபீஸ்

சுவர் உச்சியிலிருந்த எறும்புக் கல்லூரியில் இடம் கிடைக்க ஒரே தேர்வுதான். ஒரு அரிசியைச் சுமந்து சுவர் ஏறவேண்டும். கோச்சிங் நடத்திய நத்தை வாத்தியாரோ பெரிய வெல்லத்துண்டு ஒன்றை ஃபீஸாகக் கேட்டார். மழைக்காலத்துக்கென்று செம்பா எறும்பின் வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான்.

"கொண்டுபோய்க் குடுடி. நாம எப்படியாவது சமாளிச்சுக்கலாம்," என்றாள் அம்மா எறும்பு.

கோச்சிங் வகுப்பும் கல்லூரி வாசலுக்குப் பக்கத்தில், சுவர் உச்சியில்தான். செம்பா வெல்லத்தைத் தூக்கினாள், சறுக்கினாள், வெடிப்பு வெடிப்பாகக் கால் ஊன்றி ஒருவழியாக மேலே வந்து சேர்ந்தாள்.

"இப்படி வை," என்றார் நத்தை. "அரிசியோட சுவர் ஏறறது லேசுப்பட்ட காரியமில்ல. நாளையிலிருந்து சொல்லித் தரேன்."

செம்பா வெல்லத்தைப் பார்த்தாள். வந்த வழியைக் குனிந்து பார்த்தாள். பிறகு கீழே நின்றவளுக்குக் கேட்கும்படி கத்தினாள்:

"அம்மா! வெல்லம் நமக்குத்தான்! அரிசியை எடுத்து வை, இதோ வரேன்!"