சீட்டுக்கு அடியில் ஏழு தையல்

கிட்ட வாங்க கண்ணுகளா, கம்பளியை இழுத்து மூடிக்கிட்டு உட்காருங்க. வண்டி வாங்கப் போன ஒரு தாயோட கதை கெடக்கு என்கிட்ட, சொல்றேன்.

எண்பத்தி மூணாம் வருசம், ஒட்டன்சத்திரம். புரோக்கர் நாச்சிமுத்து நிறுத்தி வைத்திருந்த நீல வேனைக் கித்தேரியம்மாள் மூன்றாவது தடவையாகச் சுற்றி வந்தாள்.

கொடைக்கானலிலிருந்து பேரிக்காய் இறக்க ஒரு சின்ன வேன். இளையவன் மனுவேலுக்கு.

இது ஐந்தாவது வண்டி. முதல் நாலையும் வேண்டாமென்று விட்டாள்.

மூத்தவன் செபாஸ்டினுக்கு வாங்கினபோது இவ்வளவு பார்க்கவில்லை. கோயில் மேட்டில் பத்துப் பேரை ஏற்றி ஓட்டச் சொன்னாள். முனகாமல் ஏறியது. கைதட்டினாள்.

மலைக்காரர்களுக்கு வண்டி என்றால் ஏறுமா என்பது ஒன்றுதான் கேள்வி. ஏறுவது வெறும் வண்டி, பாரத்தோடு இறங்குவதல்லவா பிழைப்பு? அது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், கூடை கூடையாகப் பேரிக்காயோடு செபாஸ்டின் பள்ளத்தில் போனான். பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். இரண்டு வருசமாகிறது.

இப்போது அவள் பிரேக்கைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை.

ரயில்கேட் மேட்டிலிருந்து மூட்டைகளை அடுக்கி மூன்று தடவை இறக்கிப் பார்த்தார்கள். மூன்று தடவையும் சொன்ன இடத்தில் நின்றது.

“பிரேக் புதுசு, டயர் புதுசும்மா. சீட்டு மட்டும் பழைய இரும்புக் கடையில எடுத்து ரெக்சின் போட்டது. அதுல உட்காரத்தானே போறாரு தம்பி, குடும்பமா நடத்தப் போறாரு?” என்றார் நாச்சிமுத்து.

மனுவேல் ஸ்டியரிங்கை விடவில்லை.

“யம்மா, இதுவும் ஆகாதுன்னா வடக்க போற லாரியில ஏறிருவேன். பொறவு என்னையத் தேடாத.”

அவளுக்கும் மனசு இளகிவிட்டது. சரியென்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோலி. சலேத் மாதா சுரூபம், காலணா அளவுப் பதக்கம்தான், அதை டிரைவர் சீட்டுக்கு அடியில் சாக்கோடு சேர்த்துத் தைத்துவிடுவது. முன்னால் தொங்கவிட்டால் யாராவது கழற்றிக்கொள்வார்கள் என்று செபாஸ்டினுக்கும் அப்படித்தான் தைத்தாள்.

இடம் பார்க்கக் கையை விட்டுத் துழாவினாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு சுரூபம் இருந்தது.

கம்பளி நூல். ஏழு தையல். ஏழாவதில் அவள் போடும் இரட்டை முடிச்சு.

நூல் அறுந்திருக்கவே இல்லை. செபாஸ்டினின் வண்டியில் அவள் தைத்தது மட்டும்தான் பிடித்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் உட்காருவதைப் போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் மனுவேல்.

சீட்டை மாற்றித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். விசயத்தைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“இறங்குலே. பிரேக் பிடிக்கல.”

நின்றுகொண்டிருந்த வண்டி அது. நாச்சிமுத்து சிரித்தே விட்டார்.

மனுவேல் சிரிக்கவில்லை. சாவியைச் சீட்டில் வைத்துவிட்டு, லாரிகள் நிற்கும் பக்கமாக நடந்தான். அவள் கூப்பிட்டது கேட்டிருக்கும். திரும்பவில்லை.

சாயங்கால பஸ்ஸில் தனியாக மலையேறினாள். கைக்குள் தைக்காத சுரூபம். ஊசியில் கோத்தபடியே நூல்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்க வீட்டிலிருந்து கீழே இறங்கிப் போனவங்க அத்தனை பேரும், வெரசா, நல்லபடியா மேலே ஏறி வந்து சேரட்டும்.