வஹ்ராம் சொன்ன பதில்

தலைமை ஆயர் யெஸ்னிக் புனித தைலத்தில் விரலை நனைத்து வஹ்ராமின் நெற்றிக்குக் கொண்டுபோனபோது அந்தக் குரல் எழுந்தது.

"நில்லுங்க சாமி! என் புருஷனைக் கொன்னானான்னு கேட்டுட்டு அப்புறம் வைங்க."

ஷுஷான். வஹ்ராமின் அண்ணி. கறுப்பு முக்காடு போட்டிருந்தாள்.

ஆனி நகரத்துப் பேராலயத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

இடப்பக்கம் அண்ணன் சாஹக்கின் பிரபுக்கள். வலப்பக்கம் தம்பி வஹ்ராமின் ஆட்கள். வாள்களை வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். வாசல் ஒன்றும் தூரமில்லை.

அரியணைக்காக இருவரும் மோதியதில் இரண்டு வருடமாக யாரும் விதைக்கவில்லை. கடைசிச் சண்டையில், ஆற்றங்கரையில், சாஹக் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. பிள்ளையும் இல்லை.

ஆயர் தைலம் வைத்தால்தான் வஹ்ராம் அரசன். இல்லையென்றால் மகுடம் போட்ட இன்னொரு பிரபு, அவ்வளவுதான்.

யெஸ்னிக்கால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பீடத்துக்கு முன்னால முட்டி போட்டிருக்கே மகனே. அண்ணனைக் கொன்னியா?"

வஹ்ராம் இடப்பக்க முகங்களைப் பார்த்தான். எல்லோரும் 'இல்லை' என்ற ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

"கொன்னுட்டேன் சாமி. ஆத்துல தள்ளிட்டேன். இனிமே யாரும் தேட வேண்டாம்."

ஷுஷான் அப்படியே சரிந்தாள்.

"கொலைகாரனுக்கா தைலம்?" என்று ஒரு கிழப்பிரபு கத்தினார். ஆனால் அவர் குரலில் பலம் இல்லை. இனி யாருக்காகச் சண்டை போடுவது?

யெஸ்னிக்கின் கண்கள் நிறைந்தன. அந்த நெற்றியில் தைலத்தால் சிலுவை வரைந்தார்.

"ஆண்டவர் தேர்ந்தெடுத்தது இவனைத்தான்!"

வலப்பக்கம் மண்டியிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இடப்பக்கமும். ஆயரின் கையே மன்னித்துவிட்ட பிறகு, மறுக்க அவர்கள் யார்?

பாட்டு தொடங்கியதும் ஆயர் ஷுஷானிடம் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறுதல் சொல்வதுபோல் அவள் காதருகே குனிந்தார்.

"உன் புருஷன் என் மடத்துல இருக்கான்மா. காயம் ஆறிட்டு வருது. தன் குதிரையிலேயே ஏத்தி அனுப்பிவச்சது வஹ்ராம்தான். வெளியே தெரிஞ்சா மறுபடியும் வாளைத் தூக்கிடுவாங்க."



ஷுஷான் சுற்றி நின்ற பிரபுக்களைப் பார்த்தாள். முன்னைவிடப் பலமாக, மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.