ஆடியில் ஒரு தீவு

"காலைச் சாப்பாட்டை அடிச்சிருங்க. மலை ரயில் கண்டிப்பா வேணும்" என்றாள் கோகிலா.

மாணிக்கவாசகம் கணக்குத் தாளில் அதைப் பென்சிலால் அடித்தான். கல்யாணமாகி ஐந்து வாரம். கையில் இருந்த பணம் நூற்றிருபது வெள்ளி. அதற்குள் ஆறு நாள் பினாங்குத் தீவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கு அதற்கு மேல் ஒரு காசு பெயராது.

அன்றிலிருந்து கோகிலாவின் மனசு மலாக்காவில், அந்தக் காஜா பெராங் வீட்டில் இல்லை. துணி துவைத்தால் சோப்பு நுரை கரைக்கு வந்து வந்து திரும்பியது. ரசம் கொதித்தால் தீவுக்கு ஃபெரிப் படகு புறப்பட்டது. மலாக்காவிலும் கடல் இருக்கிறதுதான். ஆனால் அது சேற்றுக் கடல். பினாங்கில் தண்ணீர் நீலமாம், மணல் சர்க்கரையாம். மாணிக்கவாசகம் சொன்னான். அவனும் போனதில்லை என்பது வேறு விஷயம்.

கனவில் கல்லைப் போட்டவர் அவனுடைய பெரியப்பா தெய்வநாயகம். அப்பா இல்லாத அந்த வீட்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"ஆடி பொறந்து பத்து நாளாச்சு. புதுசாக் கட்டுனதுங்க இன்னும் ஒரே வீட்டுல இருக்குதுங்க! பொண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பணும்னு யாருக்கும் தெரியாதா?"

"இல்ல பெரியப்பா... அடுத்த வாரம்தான் லீவு குடுத்திருக்காங்க. அப்புறம் மெர்டேகா சுதந்திர விழா வருது. வருஷக் கடைசி வரைக்கும் லீவே கிடையாது."

"சித்திரையில பிள்ளை பொறந்தா வெயிலு தாங்காதுடா!"

கோகிலா மாமியாரைப் பார்த்தாள். சாரதாம்பாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சாரதாம்பாள் சொன்னாள். "பெரியவர் சொல்றதுதான் சரி. நானே இவளைச் சிரம்பானுக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கேயே ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்."

கொண்டுபோய் விடுவது மட்டுமல்லாமல் காவல் வேறயா!

அதோடு விட்டாளா அந்த மகராசி? மேசை மேல் கிடந்த கணக்குத் தாளை எடுத்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நூத்தியிருவது வெள்ளியா? கடல் பார்க்கவா?"

நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாளும் முறுக்குச் சுடும் வேலை. "சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போவாங்களா? பிழி, பிழி" என்று நின்று விரட்டினாள். ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறைந்தது. ஒவ்வொரு முறுக்கிலும் கோகிலாவின் எரிச்சல் ஒரு சுற்று இருந்தது.

மாணிக்கவாசகமோ இன்னும் மோசம். ஆபீஸ் வேலையாக ஜோகூர் போகிறேன் என்று முதல் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவள் முகத்தைக்கூட நேராகப் பார்க்கவில்லை. இவனை நம்பியா காலைச் சாப்பாட்டை அடித்தோம் என்று ஆத்திரமாக வந்தது.

புறப்படும்போது கோகிலா அழுத அழுகையில் பெரியவரே இளகிவிட்டார். "ஆடி முடியிற வரைக்கும்தானேம்மா. கண்ணைத் தொடச்சுக்க. பத்திரமாப் போயிட்டு வா" என்றார்.

பஸ்ஸில் தம்பின் ஸ்டேஷன் வரை போய் ரயில் ஏறினார்கள். டிக்கெட்டெல்லாம் மாமியார் கையில். கோகிலா முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தாள். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக ஓடின. காற்று இதமாக இருந்தது. கண்ணை மூடினால் மரமெல்லாம் அலையாகி, ரயிலே ஃபெரியாகி மிதந்தது. தூரத்தில் தீவு தெரிந்தது. கரையில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாணிக்கவாசகம் நின்றான். கோபத்திலும் அவன் நன்றாகத்தான் இருந்தான்.

"சிரம்பான் வந்திருச்சு" என்றாள் சாரதாம்பாள்.

தீவு மறைந்தது. கோகிலா டின்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மாமியார் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். "நீ எங்க எழுந்திரிக்கிற? உட்காரு."

"எங்கம்மா வீடு இங்கதானே அத்தை?"

"டேய் மாணிக்கம், வாடா!"

பக்கத்துப் பெட்டியிலிருந்து மாணிக்கவாசகம் வந்தான். கையில் பெட்டி. சட்டைக் கையை மடித்துத்தான் விட்டிருந்தான். கோகிலாவுக்கு இது இன்னும் கனவா என்று சந்தேகமாக இருந்தது.

சாரதாம்பாள் பினாங்குக்கு எடுத்த இரண்டு டிக்கெட்டையும் கணக்குத் தாளையும் அவள் கையில் திணித்தாள். அடித்திருந்த காலைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில், கோணல் எழுத்தில், 'பசியாற முறுக்கு' என்று எழுதியிருந்தது.

"காலையில பட்டினி கிடந்தா மலை ஏறுவீங்க? டின்னு உங்களுக்குத்தான்."

"அத்தை... ஏன் என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த அழுகை உனக்கு வருமா? அதைப் பார்த்துத்தானே பெரியவர் நம்புனாரு! வெயில் தாங்காதாம். இந்த ஊர்ல எந்த மாசம் வெயில் இல்ல?"

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கார்டு விசில் ஊதினார். கோகிலா ஜன்னல் வழியே கையை நீட்டி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே மனசு வரவில்லை.

"அத்தை, பெரிய மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? உங்கப்பாவுக்குக் காகிதம் போட்டாச்சு. அடுத்த வாரம் இங்க வந்து எறங்கு, மிச்ச ஆடிக்கு நீ அம்மா வீட்டுல இரு."

ரயில் நகர்ந்தது. சாரதாம்பாள் கூடவே நாலு எட்டு நடந்தபடி சிரித்தாள்.

"இந்த வீட்டுலேர்ந்து ஆடிக்கு உங்கம்மா வீட்டுக்கு ஆள் போகணும், அவ்வளவுதானே? நான் போறேன், போ!"