பின்னாடி கேட்குதா?

இந்தக் காலத்தில் எவனாவது சும்மா செய்துதருகிறேன் என்று வந்தால், முதலில் உங்கள் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அந்த மண்டபம் முழுக்கச் சும்மா செய்கிறவர்கள்.

நான் மைக்செட் போடுகிறவன். கடைசி வரிசைக்கும் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மாப்பிள்ளை, என் மகளைக் கட்டியவர். வண்டி அவருடையது என்பதால் பேச்சும் அவருடையதுதான்.

"உலகத்துல இருக்கிற விஷயம் எல்லாத்தையும் இன்டர்நெட்டுல எழுதி வைக்கிறாங்க மாமா. கலைக்களஞ்சியம். அவங்கவங்க மொழியில. பைசா கிடையாதாம்."

"அப்புறம் எதுக்கு எழுதறான்?"

"ஆசைதான்."

ஆசையாம். பைசா வாங்காமல் ஆசைப்படுகிறவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒவ்வொருவராக மேடை ஏறி, தங்கள் மொழியில் நாலு வார்த்தை பேசினார்கள். ஒன்று வாய் கொப்பளிக்கிற மாதிரி இருந்தது. ஒன்று சண்டைக்கு வருகிற மாதிரி. புரிந்தவன், புரியாதவன் எல்லாரும் கைதட்டினார்கள். என் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மொழிதான். அதிலேயே வாரத்தில் பாதி நாள் பேச்சுவார்த்தை கிடையாது.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். முதுகுப்பையைக்கூடக் கழற்றாமல் மேடை ஏறினாள்.

கூட்டம் நடத்திய கண்ணாடிக்காரர் அவளைப் பற்றித் தமிழில் சொன்னார். அவளுடைய மொழியில் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். எழுதியதைப் படித்துச் சரி சொல்ல இன்னொருவர் வேண்டும். இந்த மாதத்துக்குள் அப்படி ஓர் ஆள் கிடைக்காவிட்டால் அந்த மொழிக்கான பக்கத்தை மூடிவிடுவார்கள். வருஷக்கணக்காகத் தேடுகிறாள். பேசுகிறவர்கள் இல்லாமல் இல்லை. கேட்டால், நாங்கள் அந்தப் பேச்சுக்காரர்களே இல்லை என்று சொல்லிவிடுகிறார்களாம்.

அவள் குள்ளம். மைக் அவள் நெற்றிக்கு நேராக நின்றது. ஆரம்பித்தாள், குரல் எழும்பவில்லை. எட்டி மைக்கைத் தாழ்த்தி, கடைசி வரிசையைப் பார்த்து, பின்னாடி கேட்குதா என்று கேட்டாள்.

வயசெல்லாம் இந்தத் தொழிலில் போனவன் நான். ஒரு கை தானாகக் குமிழைத் திருகியது. இன்னொரு கை தலைக்கு மேல் போய், கேட்குது, பேசு என்று ஆட்டியது.

அவள் பேசவில்லை.

என்னையே பார்த்தாள்.

அப்புறம்தான் நானும் மண்டபத்தைப் பார்த்தேன். மற்ற எல்லாரும் எப்போது கைதட்டலாம் என்று புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தலைகூட ஆடவில்லை.

தூக்கின கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவள் மேடையை விட்டு இறங்கி, நேராக என் மேஜைக்கு வந்தாள். குனிந்து, அவள் பேச்சில் என்னவோ கேட்டாள்.

"என்ன மாமா கேக்குது இந்தப் பொண்ணு?"

"எனக்கென்ன தெரியும்? ஒயரை மிதிக்காம நிக்கச் சொல்லுங்க."

அவள் தமிழுக்கு மாறினாள்.

"ஐயா, பின்னாடி கேக்குதான்னு எங்க பேச்சுலதான் கேட்டேன். இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் கையத் தூக்குனீங்க."

"மைக்கப் பிடிச்சா எல்லாரும் முதல்ல அதத்தாம்மா கேப்பாங்க. மூஞ்சியப் பார்த்தாலே தெரியும்."

அது பொய்யில்லை. அதனால்தான் சொல்ல வசதியாக இருந்தது.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "விடும்மா. எங்க மாமாவுக்குத் தமிழே ரெண்டாங்கிளாஸோட சரி."

அவள் சிரிக்கவில்லை. நான் குமிழைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா" என்றாள். என்னிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

திரும்பப் போய் மைக்கில் நன்றி என்று ஒரு வார்த்தை, அதுவும் தமிழில், சொல்லிவிட்டு இறங்கினாள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

கூட்டம் கலைந்தது. ஒயரைச் சுருட்டினேன், சிக்கிக்கொண்டது, பிரித்து மறுபடி சுருட்டினேன். அவள் முதுகுப்பையோடு என் பக்கம் நடந்து வந்தபோது, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். பேரன் எடுத்த மனுஷன், பெட்டிக்குப் பின்னால்.

மேடையிலிருந்து இறங்கி என் மேஜைக்கு வந்தாளே, அப்போது குனிந்து அவள் முதலில் கேட்டது இதுதான்: "பெரியப்பா, நீங்க எந்த வீடு?"

எங்கள் பேச்சில் அப்படித்தான் கேட்பார்கள். வயசானவர்களைக் கூப்பிட அதில் ஐயா என்று ஒரு சொல் கிடையாது. எல்லாரும் பெரியப்பா, எல்லாரும் பெரியம்மா.

அந்த ஒரு பேச்சு மட்டும் தெரிந்து பள்ளிக்கூடம் போய், வகுப்பு சிரித்த சிரிப்பில் இரண்டாவதோடு ஓடிவந்தவன் நான். ஏன் ஓடிவந்தேன் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியாது. என் மகளுக்கே தெரியாது.

"அந்தப் பொண்ணு இன்னும் முன்வாசல்கிட்டயே நிக்குது மாமா. யாருக்கோ காத்திருக்கு போல."

"வண்டியப் பின்பக்கம் கொண்டாங்க."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக நடந்தேன்.

ஒருத்தி பைசா வாங்காமல், இந்தப் பேச்சுக்காக இப்படி அலைகிறாள் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அப்படி என்ன இருக்கிறது அதில்?