ஆற்றில் நிற்கும் மாமன்

செவ்வந்தி கூடப்பிறந்தவர் இல்லாதவள். ஆனாலும் மகளைத் தூங்கவைக்கும் பாட்டில் ஒரு மாமன் வேண்டியிருந்தது. மாமன் வராமல் எந்தத் தாலாட்டு முடிகிறது? அதனால் ஒரு அண்ணனை அவளே உண்டாக்கிக்கொண்டாள். வெளிறிய மஞ்சள் சட்டை, முன்பற்களுக்கு நடுவே சிறு சந்து, மருமகளுக்கென வாங்கி வேட்டி மடிப்பில் முடிந்துகொண்ட தோடு. தினமும் மத்தியானம் அவன் புறப்படுவான். சந்தையைத் தாண்டி, கரும்புத் தோட்டத்தைத் தாண்டி ஆற்றில் இறங்குவான். தண்ணீர் முழங்காலைத் தொடும்போது குழந்தை தூங்கிவிடும். பாட்டை அங்கேயே விட்டுவிட்டு அவள் துணி துவைக்கப் போவாள்.

மகளின் காதுகுத்துக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு மரகதம் வந்து கேட்டாள். "நாளைக்குப் பிள்ளைய யாரு மடியில உக்கார வைக்கப் போற? மாமன் மடி வேணும்ல?"

மரகதம் போனதும் செவ்வந்தி தொட்டிலை ஆட்டத் தொடங்கினாள்.

அன்று குழந்தை லேசில் தூங்கவில்லை. வேறு வழியின்றிப் பாட்டில் அண்ணனை இடுப்பளவு ஆழத்தில் நடத்தினாள், கரையேற்றினாள், தெருவுக்குள் கூட்டிவந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. மஞ்சள் சட்டை. வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எத்தன நாளா தங்கச்சி, என்னத் தண்ணிக்குள்ளயே நிறுத்தி வச்சிருந்த" என்றான். கோபமில்லை, குளிரில் குரல்தான் நடுங்கியது.

தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தை எப்போதோ தூங்கியிருந்தது. அவன் இன்னும் நிலைப்படியைத் தாண்டவில்லை.

பாட்டை அங்கே விட்டுவிடாமல், தூங்கும் குழந்தைக்குச் செவ்வந்தி இன்னும் உரக்கப் பாடினாள்.